குட்டி யானையைக் கட்டித் தீனி போடுவது யார்?

துபாயிலோ, குவைத்திலோ, சிங்கப்பூரிலோ நாலைந்து வருஷம் பாடுபட்டுவிட்டு ஊர் திரும்பும் நமது கோவைப் பக்கத்துத் தொழிலாளி முதலில் என்ன செய்கிறார்? தங்கை கல்யாணக் கடனை அடைக்கிறார். ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறார். இவ்வளவும் போக ஒன்றோ ஒன்றரையோ லட்சம் கையில் மிஞ்சினால், அதை முன்பணமாகக் கட்டி, ஒரு குட்டி யானையை எடுத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

டாடா கம்பெனி 2005ல் ‘ஏஸ்’ என்று பெயர் சூட்டி இறக்கிய, முக்கால் டன் சுமக்கும் சின்னஞ்சிறு லாரிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர்தான் குட்டி யானை. மகிந்திரா பிக்கப்பும், 2011ல் ஓசூரிலிருந்து வந்த லேலண்டின் தோஸ்தும் இதே ஜாதி வண்டிகள். பொள்ளாச்சி இளநீரும், கிணத்துக்கடவு தக்காளியும், திருப்பூரில் நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும் அங்கிருந்து கட்டிங்குக்கும் போகும் பனியன் துணியும் இவற்றின் முதுகில்தான் போகின்றன.

ஊர் திரும்பியவர் ஏன் வண்டியைத் தேடுகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. மில் வேலை எங்கே இருக்கிறது? 2020 மார்ச் ஊரடங்கில் என்.டி.சி. மில்கள் நிறுத்தப்பட்டன, பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், 1888ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் – எல்லாம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. காட்டு வேலையோ மழையை நம்பியது. வெளிநாட்டில் அவர் கற்றுக்கொண்டு வந்த ஒரே தொழில் ஸ்டியரிங் பிடிப்பது. எனவே வண்டி வாங்குகிறார். இதில் அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் அவர் எதை வாங்குகிறார், யாரிடமிருந்து வாங்குகிறார், வாங்கிய பிறகு அது யாருக்காக ஓடுகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அவசியம்.

முதலில் அவர் இருந்துவிட்டு வந்த இடத்தைப் பார்ப்போம்.

அந்நிய நாட்டில் வண்டி வாங்குவது சம்பளத்தைப் பொறுத்த விஷயம். கம்பெனி மானேஜராகப் போனவருக்குக் காரும் உண்டு, கடனும் உண்டு. வருஷா வருஷம் ‘முல்கியா’ புதுப்பிக்க ‘பாஸிங்’ கொண்டுபோக ஆளும் உண்டு. தொழிலாளிக்கு? 2010களில் குவைத் சர்க்கார் விதித்த நிபந்தனையைப் பாருங்கள். வெளிநாட்டுக்காரன் லைசென்ஸ் பெற வேண்டுமானால் மாதம் 600 தினார் சம்பளம் வேண்டும், பட்டம் வேண்டும், இரண்டு வருஷம் அங்கே வசித்திருக்கவும் வேண்டும். அப்படியானால் அங்கே லாரியையும் எஜமானன் வீட்டுக் காரையும் ஓட்டுகிற ஆயிரக்கணக்கான நம்மவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்? டிரைவர் வேலைக்கென்று போனவனுக்கு இந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கு. ஆனால் அந்த லைசென்ஸ் அந்த வேலையோடு கட்டப்பட்டது; வேலை மாறினால் அதுவும் பறிபோகும். அதாவது, அடுத்தவன் வண்டியை ஓட்டலாம். தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ள யோக்கியதை இல்லை!

சம்பளம் உயர்ந்தவர்களின் கதியும் நிரந்தரமல்ல. 2009 தொடக்கத்தில் துபாயில் கட்டடத் தொழில் சரிந்தபோது, கடனில் வாங்கிய கார்களை விமான நிலையத்து வாசலில் அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பணமில்லாமல் காசோலை திரும்பினால் அன்று அங்கே சிறை. 2022ல்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால் வண்டியை வந்த விலைக்குத் தள்ள வேண்டும். இதுதான் பரதேசத்தில் கார் வைத்திருப்பதன் லட்சணம்.

சிங்கப்பூரிலோ வேறு விதம். அங்கே வண்டி வாங்குமுன் அதை வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்குச் செல்லும் அந்தச் சீட்டின் விலை 2023 அக்டோபரில் சிறிய காருக்கே ஒரு லட்சத்து ஆறாயிரம் சிங்கப்பூர் டாலர். காரின் விலை தனி. வொர்க் பெர்மிட்டில் போன நம் ஆட்கள் அதைக் கனவிலும் எண்ண மாட்டார்கள். அவர்கள் போவது லாரியின் பின்புறத்தில், கம்பிக்கும் சிமெண்டுக்கும் பக்கத்தில். 2021 ஏப்ரல் 20ந் தேதி அப்படிப் போன ஒரு லாரி நின்றிருந்த டிப்பரில் மோதி இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். லாரியில் ஆளேற்றக் கூடாது என்ற கோரிக்கை அந்த நாட்டுப் பாராளுமன்றம் வரை போனது. உடனடியாகத் தடை செய்தால் வேலைகள் பாதிக்கும் என்று பதில் வந்தது.

இப்படி வாழ்ந்துவிட்டு வருகிற மனிதனுக்குத் தன் பெயரில் ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை எவ்வளவு ஆழமாக இருக்கும்! அந்த ஆசையைத்தான் இங்கே பைனான்ஸ்காரன் மோப்பம் பிடிக்கிறான்.

விமானத்தை விட்டு இறங்கி ஒரு மாதம் ஆவதற்குள் ஷோரூமில் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, “வட்டி முக்காலே முக்கால்தாங்க” என்கிறார்கள். நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய். வருஷத்துக்கு ஒன்பது ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பரும் பேனாவும் எடுங்கள் தோழர்களே.

ஐந்து லட்சம் கடன், நாலு வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3,750 ரூபாய். நாற்பத்தெட்டு மாதத்துக்கு 1,80,000. அசலையும் சேர்த்து 6,80,000. நாற்பத்தெட்டால் வகுத்தால் மாத டியூ சுமார் 14,170. இதில் அசலுக்குப் போவது பத்தாயிரத்து நானூற்றுச் சொச்சம். இருபத்து நாலு டியூ கட்டிய பிறகு நீங்கள் பாதி அசலைத் திருப்பிவிட்டீர்கள். இரண்டரை லட்சம்தான் பாக்கி. ஆனால் வட்டி? இன்னமும் ஐந்து லட்சத்துக்கே! கடைசி மாதம் வந்தால் உங்கள் மேல் இருக்கிற கடன் பத்தாயிரத்துச் சொச்சம். அதற்கு அந்த மாதம் வாங்குகிற வட்டி 3,750. நூற்றுக்கு மாதம் 36 ரூபாய்! சந்தைப்பேட்டைக் கந்துவட்டிக்காரன் இதைக் கேட்டால் வெட்கப்படுவான்.

குறையக் குறைய உள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டால், இதே டியூ வருஷத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு ரூபாய் வட்டியாகும். ஒன்பது என்று சொல்லிப் பதினாறு வாங்குவதற்கு அவர்கள் பாஷையில் ‘பிளாட் ரேட்’ என்று பெயர். ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “குறைகிற அசலுக்கு வட்டி எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்.” எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவனிடம் வண்டி எடுக்காதீர்கள். பாங்கியிலும் கேட்டுப் பாருங்கள். பாங்கிக்காரர் நாலு முறை நடக்கவிடுவார், அதுவும் நமக்குத் தெரியும். நடந்தாலும் நஷ்டமில்லை.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்களில் ஒன்றும் எழுதாமல் வெறுமனே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவை வண்டியைப் பெயர் மாற்றிக் கொடுக்கிற படிவங்கள். உங்கள் கையெழுத்தோடு அவை அவன் மேஜையில் இருக்கும் வரை அந்த வண்டியை விற்க உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயருக்குக் கீழே பைனான்ஸ் கம்பெனியின் பெயரும் ஏறியிருக்கிறது. தவணை முறைக் குத்தகை ஒப்பந்தத்தில் கடன் முழுதும் தீரும் வரை கம்பெனியே சொந்தக்காரன் என்று சுப்ரீம் கோர்ட் 2020ல் சொல்லிவிட்டது. குண்டர்களை அனுப்பி வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று அதே கோர்ட் 2007ல் சொன்னதும் உண்மை. இரண்டு தீர்ப்பில் எது அவிநாசி ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு அமுலாகிறது என்பதை வண்டி ‘சீஸ்’ ஆனவரைக் கேட்டால் சொல்வார்.

வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி வெளிநாடு போகிறவர்கள் விஷயம் இதைவிடச் சிக்கலானது. வண்டி அண்ணன் பெயரில் இருக்கும். அண்ணன் ஷார்ஜாவில் இருப்பார். ஓட்டுவது தம்பியோ மச்சானோ. அங்கிருந்து போனில் “ஆயில் மாத்தினியாடா?” என்று கேட்பதோடு மராமத்து முடிந்துவிடுகிறது. “மாத்திட்டேணுங்க அண்ணா” என்று தம்பி சொல்லிவிடுகிறார். மாற்றினாரா என்பது என்ஜினுக்குத்தான் தெரியும்!

என்ஜின் போனால் பணத்தோடு போகும், விபத்து நடந்தால்? சட்டம் பொறுப்பாக்குவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையும் சேர்த்துத்தான். சொந்தக்காரர் ஓட்டும்போது அடிபட்டால் கிடைக்கிற 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, தம்பி ஓட்டும்போது தம்பிக்குக் கிடைக்காது. கூலி டிரைவருக்கும் அதில் இடமில்லை. அவருக்கென்று தனியாகச் சிறு தொகை கட்டிப் பாலிசியில் சேர்க்க வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பழைய காரையோ பைக்கையோ விற்றுவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வாங்கினால் விற்பனை முடிந்துவிடாது. பதினாலு நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வரை, அந்த வண்டி யார் கைக்குப் போய் யாரை இடித்தாலும் நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கே வரும் என்பது 2018ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்த விஷயம்.

திரும்பி வருகிறவர் தன் லைசென்சையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. சரக்கு வண்டி லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத்தான். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். குவைத்தில் நாற்பதடி டிரெய்லர் ஓட்டினேன் என்று சொன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்காது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாதாரணக் கார் லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை ஏழரை டன்னுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்டலாம், தனி முத்திரை தேவையில்லை என்று 2024 நவம்பர் 6ந் தேதி அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பளித்தது. ‘லைசென்ஸ் சரியில்லை’ என்று சொல்லி நஷ்டஈட்டைத் தட்டிக் கழித்துவந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஒரு கதவு அன்று அடைபட்டது.

ஆனால் இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. விவசாயத் தொழிலாளர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கரும்பு வெட்டுக்கும், மஞ்சள் பறிப்புக்கும், கோயில் நோன்புக்கும் குட்டி யானையின் பின்னால் இருபது பேர் நின்றுகொண்டு போகிறோமே, அந்த வண்டி கவிழ்ந்தால் என்ன கிடைக்கும்? சரக்கு வண்டியில் ஓசிப் பயணியாகப் போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்பது 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. சரக்குக்குச் சொந்தக்காரரும் அவருடைய ஆளும் போனால் காப்பு உண்டு. தோட்டத்துக் கூலிகளுக்கு இல்லை. அப்படியானால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? வண்டிக்காரர். அவர் யார்? நேற்று வரை சிங்கப்பூர் லாரியின் பின்னால் உட்கார்ந்து போன அதே தொழிலாளி! செத்தவன் குடும்பமும் தெருவில், வண்டிக்காரன் குடும்பமும் தெருவில். ஆளனுப்பச் சொன்ன தோட்டத்துக்காரர் மட்டும் திண்ணையில். வேலைக்குக் கூப்பிடுகிறவர் வேன் வைத்துக் கூட்டிப்போகட்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

இனி மராமத்து. இதில் கொங்கு நாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊருக்கு மோட்டார் வந்ததே அந்நியனோடுதான். கலங்கல் கிராமத்துக்கு வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ஒருவர் ஏறி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்த இளைஞர் ஒருவர், கோவையில் ஓட்டல் வேலை செய்து காசு சேர்த்து அதை விலைக்கு வாங்கிக் கழற்றிப் பூட்டிக் கற்றார் என்பார்கள். அவர்தான் ஜி.டி. நாயுடு. 1920ல் ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியோடு ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டியவர், பின்னர் யு.எம்.எஸ். கம்பெனியை ஏற்படுத்தினார். அவர் பிறகு பெரிய முதலாளியானது வேறு கதை. வண்டியை அக்கக்காகக் கழற்றத் தெரிந்தவனே அதற்கு எஜமானன் என்ற பாடத்தை இன்றைக்கும் கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்துப் பட்டறைப் பையன்கள் நன்றாக அறிவார்கள்.

அப்படியிருந்தும் குட்டி யானை ஏன் நாலே வருஷத்தில் கிழடு தட்டுகிறது? சுமைதான் காரணம். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்று என்கிறார் மண்டிக்காரர். ஏற்றாவிட்டால் ஸ்டாண்டில் அடுத்த வண்டி நிற்கிறது. பட்டைக் கமான் உட்காருகிறது, கிளட்ச் தேய்கிறது, டயர் வயிறு உப்புகிறது. போலீஸ் அபராதம் போட்டால் அதைக் கட்டுவது மண்டிக்காரரா? நடைக்கு இருநூறு ரூபாய் அதிகம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர், ஆறு மாதத்தில் அத்தனையையும் பட்டறையில் கொட்டுகிறார். ஒரே ஆள் தனியாக “ஏற்ற மாட்டேன்” என்றால் பட்டினி. ஸ்டாண்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து சொன்னால் மண்டிக்காரர் இரண்டு நடையாக அனுப்புவார். அவருக்குத் தக்காளி அழுகக் கூடாது அல்லவா?

வண்டிக்கு என்று தினமும் தனி டப்பாவில் காசு போட்டு வைப்பவர்களே தப்பிக்கிறார்கள். புது வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம். எஃப்.சி.க்குப் போகுமுன் டிங்கரிங், பெயிண்டிங், டயர் என்று ஒரே வாரத்தில் பெரிய தொகை போகும். அந்த வாரம் ஓட்டமும் இல்லை, டியூ மட்டும் உண்டு. வெளிநாட்டுச் சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டாமல், ஆறு டியூவுக்கும் ஒரு செட் டயருக்கும் ஆகிற தொகையைப் பாஸ் புத்தகத்திலேயே விட்டு வையுங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான். அதற்குப் பணம் போதாதென்றால் புது வண்டி வேண்டாம். நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பழைய வண்டி பாருங்கள். கடன் முடிந்த வண்டிதானா, 35ஆம் எண் படிவத்தில் பைனான்ஸ்காரன் கையெழுத்திட்டு ஆர்.சி.யில் அவன் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.

நம் ஆட்கள் அரபு நாட்டில் அந்நியர்கள் என்றால், பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தன்பாத் எக்ஸ்பிரசில் வந்து இறங்குகிற தொழிலாளி திருப்பூரில் அந்நியர். இன்று அவர்களில் பலர் ஸ்டியரிங்கும் பிடிக்கிறார்கள். அவருக்கு இங்கே சொந்த வண்டி வாங்க என்ன வழி? பதிவுக்கு உள்ளூர் விலாசச் சான்று வேண்டும். லைன் வீட்டுக்காரர் வாடகை ரசீது தரமாட்டார். தந்தால் வரி வரும் என்ற பயம். ஊரிலிருந்து கொண்டுவந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் ஊர் ஆபீசில் தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம் என்கிறார்கள். செய்து முடித்தவர்களுக்குத் தெரியும் அந்த ‘இணையம்’ எத்தனை புரோக்கர்கள் வழியாகப் போகிறதென்று. கடைசியில் மேஸ்திரியின் பெயரிலோ கான்ட்ராக்டரின் பெயரிலோ வண்டியை வாங்கி, டியூவைத் தான் கட்டி ஓட்டுகிறார். கட்டி முடித்ததும் மேஸ்திரி பெயர் மாற்றித் தந்தால் உண்டு. குவைத்தில் நமக்கு நடந்ததை இங்கே நாமே அவருக்கு நடத்துவதா?

சர்க்காரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் 2022ல் அமைக்கப்பட்டது. திரும்பி வந்து வண்டி எடுக்கிறவருக்கு, குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் கூட்டுறவு பாங்கிகளில் கடனுக்கு அது ஏற்பாடு செய்யட்டும். பைனான்ஸ் கம்பெனி எழுதி வாங்கும் ஒப்பந்தம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும்; எழுதாத படிவத்தில் கையெழுத்து வாங்குகிறவன் மேல் வழக்குப் போட வேண்டும். விலாசச் சான்றாக மில் அல்லது கம்பெனியின் அடையாள அட்டையையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏற்க வேண்டும்.

மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் நல வாரியம் இருக்கிறது, பதியாதவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் உள்ள சங்கம் வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜை போட்டு உட்காரட்டும். வாரியப் பதிவு, பாலிசியில் டிரைவர் பெயர் இருக்கிறதா என்ற சோதனை, பைனான்ஸ் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது – மூன்றையும் அங்கேயே செய்யலாம். வண்டி எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் அந்தக் காகிதத்தை அங்கே கொண்டுவரட்டும். மேஜையில் இந்தி தெரிந்த ஒரு தோழரும் உட்கார வேண்டும். படிவத்தை இந்தியிலும் ஒரியாவிலும் அச்சடித்து வைக்க வேண்டும்.